ஹீட்டர் பிளக் பார்க்க டிசி கிளாம்ப் மீட்டர்: வாங்கலாமா?

பழைய டீசல் லாரி குளிரில் வெள்ளைப் புகை கக்கி, ஒன்றிரண்டு சிலிண்டர் எடுக்காமல் திணறினால் சந்தேகம் முதலில் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆக சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக்) மேல்தான். அதைச் சோதிக்க டெஸ்ட் லேம்ப் (கிளிப் ஒயர் வைத்த சிறு பல்பு) போதாதா? பாதி வேலைக்குப் போதும். கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, ஒயர் கழற்றிய பிளக்கின் முனையைத் தொட்டால், பல்பு எரியாதது கம்பி அறுந்த பிளக். எரிகிறதே, பிளக் நல்லது என்று முடிவுகட்ட முடியாது; 1 ஓமும் 5 ஓமும் அந்தப் பல்புக்கு ஒன்றுதான்.

மல்டிமீட்டரில் நல்ல பிளக், ஆறிய நிலையில், பெரும்பாலும் 0.5 முதல் 2 ஓம் காட்டும். மீட்டர் ஒயர்களே 0.2, 0.3 ஓம் சேர்த்துவிடும். இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து வரும் எண்ணைக் கழிக்காவிட்டால் அளந்தும் பயனில்லை.

கிளாம்ப் மீட்டர் ஒயரைச் சுற்றிக் கவ்வியே, பிளக் உண்மையிலேயே இழுக்கும் கரண்டைக் காட்டுகிறது. அதனால்தான் இதற்கு என் ஓட்டு. என்ஜின் ஆறியிருக்கட்டும், பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. கவ்விக்குள் ஒயர் இல்லாமல் மூடி ஸீரோ பட்டனை அழுத்துங்கள். பிறகு ஒரு பிளக்கின் ஒயரை மட்டும் கவ்வி, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். சாதாரண 12 வோல்ட் பிளக் தொடக்கத்தில் 20 ஆம்பியரைத் தொட்டு, சில வினாடிகளில் 10 பக்கம் இறங்கும். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, மற்றவை இறங்கும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

எல்லாமே பூஜ்யமா? பிளக்குகளை விடுங்கள், ரிலே (பிளக்குகளுக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்), ஃபியூஸ், ரிலேயை இயக்கும் கன்ட்ரோலர் பக்கம் போங்கள். ரிலே 'டக்' என்று சத்தம் போடுவதை நம்பக் கூடாது. பிளக்குகள் கரண்ட் இழுக்கும்போது ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே வோல்ட் பாருங்கள். 1 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே பாயின்ட் (கரண்டை இணைக்கும் தொடுமுனை) கருகியிருக்கிறது. பாயின்ட் ஒட்டிக்கொள்வது இதைவிட மோசம்: என்ஜின் ஓடி வெகுநேரமாகியும் கரண்ட் நிற்காது. ரிலேயை மாற்றாமல் புது பிளக் செட் போட்டால் அதுவும் எரியும்.

வாங்கும்போது 'டிசி ஆம்பியர்' அளக்குமா என்று பாருங்கள். மலிவான பல மாடல்கள் ஏசி மட்டுமே அளக்கும், இங்கே அவை பொம்மை. எட்டு சிலிண்டர் என்ஜினில் மொத்த கரண்ட் 150 ஆம்பியரைத் தாண்டலாம் என்பதால் 400 ஆம்பியர் மாடல் நல்லது.

குறைகளும் உண்டு. பிளக்குகளை ஒரே தகடு இணைக்கும் என்ஜின்களில் கிளாம்ப் மொத்தக் கணக்கைத்தான் தரும். ஆளைப் பிடிக்கத் தகட்டைக் கழற்றி ஓம் பார்க்க வேண்டும். முனை வீங்கிய பிளக்கும் சரியான ஆம்பியரையே காட்டக்கூடும். கழற்றும்போது பிளக் இறுகி வராவிட்டால் பலம் கொடுக்காதீர்கள். முனை ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.