தலைமாட்டுச் சுவருக்குப் பனல் அடிக்க முதல்: கொக்குவில் பக்கத்து வீடொன்றில் கழற்றியபோது கண்டது

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு வீடு. சொந்தக்காரர் கனடாவில். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கவென்று யூலையில் மேல்வேலைகளை அவசரமாகச் செய்வித்தார். அதில் ஒன்று பெரிய படுக்கையறையில் கட்டில் தலைமாட்டுச் சுவருக்குக் கபில நிற வரிப் பனல் அடித்து, மேலே மஞ்சள் எல்.ஈ.டி. லைற் ஓடவிடுவது. வட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டிசம்பரில் அந்தச் சுவரை முழுக்கக் கழற்றவேண்டி வந்தது.

கழற்றியபோது பனல்களின் அடிப்பக்கம் ஒரு அடி உயரத்துக்கு ஊதிப்போய், மேலே ஒட்டியிருந்த மரநிறத் தாள் உரிந்து கிடந்தது. சுவரில் கறுப்புப் பூஞ்சணம். அதற்குக் கீழே வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. மூலையிலிருந்து ஒரு கறையான் புற்று வரி மேலே ஏறிக்கொண்டிருந்தது. சுவரின் மறுபக்கம் குளியலறை, ஷவர் பூட்டிய இடம். இவ்வளவையும் விடக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: ஊறின இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்குப் புதிதாய்ப் பட்டி (பெயின்றுக்கு முதல் சுவரை மட்டமாக்கப் பூசும் பசை) இழுத்திருந்தது. சுவரின் மற்ற இடமெல்லாம் பழைய பெயின்ற். அதாவது ஊறுகிறது என்று தெரிந்துதான் மூடியிருக்கிறார்கள்.

செய்தவர் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை. இதே முறையில் வேலை செய்கிறவர்கள் பலர். முறையைத் தெரிந்துவைத்தால்தான் பிரயோசனம்.

முதலில் பில். சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம், ஆக 120 சதுர அடி. பில்லில் 35 பனல், 175 சதுர அடி. கேட்டால் "வெட்டுக் கழிவு போகும் அண்ணை, டிசைன் வேலையெண்டால் அப்பிடித்தான்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். இந்த வகைப் பனல் பெரும்பாலும் 2.9 மீற்றர் நீளம், பூட்டினபிறகு தெரியும் அகலம் ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர். 12 அடி என்றால் 3.66 மீற்றர். 16 ஆல் பிரித்தால் 22.9, ஆக 23 பனல். உயரத்தில்தான் சிக்கல்: 10 அடி 3.05 மீற்றர், பனல் 2.9. மேலே 15 சென்ரிமீற்றர் குறையும். அதற்குத் துண்டு வைப்பதென்றால் ஒரு பனலில் 19 துண்டு வெட்டலாம், 23 துண்டுக்கு 2 பனல் போதும். கைகாவலாய் ஒன்று. மொத்தம் 26. மிச்சம் ஒன்பது பனல் எங்கே போனது என்பதற்கு எந்த வெட்டுக் கழிவும் பதில் சொல்லாது. உண்மையில் துண்டே வேண்டாம். அடியில் 6 அங்குலத்துக்கு ரைல்ஸ் ஸ்கேர்ட்டிங் (சுவரின் அடியோரம் ஒட்டும் ரைல்ஸ் வரிசை) வைத்து அதற்கு மேல் பனலைத் தொடங்கினால் உயரமும் சரிவரும், நிலம் துடைக்கிற தண்ணீரும் பனலில் படாது. 24 பனலோடு வேலை முடியும்.

அடுத்தது பொருள். பில்லில் டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்தது) என்று எழுதி, சுவரில் ஏற்றியது எம்.டி.எவ். முன்பக்கம் இரண்டும் ஒரே மரநிறத் தாள்தான், பூட்டினபிறகு கண்ணால் பிரிக்க ஏலாது. வெட்டுமுகத்தைத்தான் பார்க்கவேண்டும். டபிள்யூ.பி.சி. வரிப் பனல் உள்ளே கூடாக, பிளாஸ்ரிக் கலந்த இறுக்கமான பொருளாக இருக்கும். எம்.டி.எவ். மரத்தூளை அமுக்கின மட்டை மாதிரி, நகத்தால் சுரண்டினால் தூள் வரும். மூன்றாவதாக பி.எஸ். என்று ஒரு வகை, கையில் எடுத்தால் பாரமே தெரியாது, முறித்தால் உள்ளே நுரை. சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீளத் துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். சாதாரண எம்.டி.எவ். விடிய ஊதியிருக்கும், மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும். எம்.டி.எவ். கூடாத பொருள் என்றில்லை. காய்ந்த உட்சுவரில் நன்றாக நிற்கும், அலுமாரிக் கதவெல்லாம் அதுதானே. ஈரச் சுவரில் அடித்தால் அது தண்ணீரை உறிஞ்சும், கறையானுக்கும் விருந்தாகும்.

பி.எஸ். பனலுக்கு இன்னொரு எச்சரிக்கை. அது பொலிஸ்ரைரீன், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். எல்.ஈ.டி. லைற்றுக்கான 12 வோல்ற் அடப்ரரை அதன் பின்னால் காற்றுப் போகாமல் அடைத்துவிடுகிறார்கள். அந்த வீட்டிலும் அடப்ரர் பனலுக்குள்ளேதான் கிடந்தது, மாற்றுவதென்றால் சுவரை உடைக்கவேண்டும். அடப்ரர் எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில், அலுமாரிக்கு மேலேயோ சுவிட்ச் பெட்டிக்கு அருகிலேயோ வெளியே இருக்கவேண்டும்.

இனிச் சுவர். யாழ்ப்பாணத்தில் அலங்கார வேலை பழுதாவதற்கு முக்கிய காரணம் இதுதான், எந்தக் கடைக்காரரும் இதைப்பற்றி வாய் திறப்பதில்லை. பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரில் குழைத்த பூச்சிலும், சரியாகக் கழுவாத மணலிலும் உப்பு இருக்கும். டி.பி.சி. (நிலத்து ஈரம் மேலே ஏறாமல் அத்திவாரத்துக்கு மேல் போடும் தடுப்புப் படை) போடாத பழைய வீடுகளில் நிலத்து ஈரம் சுவர் வழியே ஏறும். ஈரம் வெளியே வந்து காயும்போது உப்பு முகப்பில் பூக்கும், பெயின்ற் செதில் செதிலாய்க் கழரும். முன்னுக்குப் பனலோ பிளாஸ்ரிக் வோல்பேப்பரோ மூடினால் ஈரம் காய வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழை. யூலை, ஓகஸ்ற்றில் அதே சுவர் கல்லுமாதிரிக் காய்ந்து நிற்கும், ஆரும் குறை காண ஏலாது. புலம்பெயர்ந்தவர்கள் வந்து நிற்கிற காலமும் வேலை ஒப்படைக்கிற காலமும் அதுதான்.

சோதிக்கிறது சுலபம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். ஒன்று நிலத்தோடு சேர்த்து, ஒன்று பைப் போகிற கோட்டில். உள்பக்கம் துளி கட்டினால் ஈரம் சுவருக்குள். வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது அறைக் காற்றின் ஈரம். கோடையில் இது ஏமாற்றலாம், அதனால் பழைய பெயின்றின் கொப்புளம், ஸ்கேர்ட்டிங் மேல் வெள்ளைத் தூள், ஒரே இடத்தில் புதிதாய்த் தெரியும் பட்டி இவற்றையும் பாருங்கள்.

மறுபக்கம் குளியலறை என்றால் பைப் கசிகிறதா, ரைல்ஸ் இடுக்கால் இறங்குகிறதா என்று பிரிக்கவேண்டும். இரவு தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, மோட்டரை நிறுத்தி, மட்டத்தில் அடையாளம் வைத்து, ஒரு ரப்பையும் திறக்காமல் விடுங்கள். விடிய மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ பைப், ரப் அல்லது கொமட் தொட்டி கசிகிறது. இறங்காவிட்டால் குளியலறை நிலத்துத் துளையை அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் பாருங்கள். காரணத்தை நிறுத்தினபிறகுதான் சுவர் வேலை: கறைக்கு மேலே ஒரு அடி வரை பூச்சை உளியால் கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரில், கழுவின மணலில் திரும்பப் பூசி, குறைந்தது 28 நாள் விடவேண்டும். உப்பை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள்.

வோல்பேப்பரிலும் கணக்கு இதே மாதிரி. சாதாரண ரோல் 53 சென்ரிமீற்றர் அகலம், 10 மீற்றர் நீளம். இதே சுவருக்கு 7 பட்டி (மேலிருந்து கீழ்வரை ஒட்டும் நீளத் துண்டு) வேண்டும், ஒரு பட்டிக்கு வெட்டோடு 3.15 மீற்றர், ஒரு ரோலில் 3 பட்டி. ஆக 3 ரோல். கொரிய ரோல் 1.06 மீற்றர் அகலம், 15.6 மீற்றர் நீளம் என்றால் 4 பட்டி, பெரிய பூ டிசைன் இல்லாவிட்டால் ஒரே ரோலில் முடியும். இதற்கு ஐந்து ரோல் போட்ட பில்லைக் கண்டால் கேள்வி கேளுங்கள். எல்லா ரோலிலும் லொட் இலக்கம் (ஒரே தடவையில் அச்சடித்ததைக் காட்டும் இலக்கம்) ஒன்றாக இருக்கவேண்டும். வேறு வேறு லொட்டில் மிஞ்சினதைச் சேர்த்து ஒட்டினால் பகலில் தெரியாது, பக்க லைற் போட்டதும் பட்டி பட்டியாய் நிறம் மாறும். சுவரை உள்ளங்கையால் தேய்த்து கையில் மா மாதிரித் தூள் ஒட்டினால் சீலர் (தூளை இறுக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் ஒட்டவிடாதீர்கள்.

நுரைச் செங்கல் ஸ்ரிக்கர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாடகை வீட்டுக்குக்கூட வேண்டாம், கழற்றும்போது பெயின்றோடு வரும்.

குளியலறைப் பக்கத்துச் சுவருக்கு எங்கள் அபிப்பிராயம் ஒன்றுதான்: ஒரு கடும் நிற எமல்சன். பழுது வந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் செலவு குறைவு. 11 சதுர மீற்றர் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஏறக்குறைய 2.2 லீற்றர், 4 லீற்றர் வாளி ஒன்று தாராளம். கடும் நிறத்தை அதற்குரிய பேஸில் (நிறம் சேர்க்கும் அடிப்படைப் பெயின்றில்) மெசினில் கலக்கவேண்டும். வெள்ளையில் ஸ்ரெயினர் (நிறச் சாயம்) ரியூப்பை ஊற்றிக் கலக்கினால் நிறம் எட்டாது. மூடியில் நிறக் குறியீட்டு ஸ்ரிக்கர் இல்லாத வாளியை வாங்கவேண்டாம்.

காசு விஷயம். மழை முடியும்வரை ஒரு பங்கைப் பிடித்துவைக்க ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு. அப்படியென்றால் பில்லில் பொருளின் பெயர், நீளம், அகலம், தடிப்பு, எண்ணிக்கை எழுதுவித்து, பெட்டி உடைக்காமல் வீட்டுக்கு வரவேண்டும், வெட்டுத் துண்டுகள் வீட்டிலேயே நிற்கவேண்டும் என்று முதலே பேசுங்கள். அந்த வீட்டில் கொடுத்த "10 வருடக் கியாரண்டி" அட்டையை வாசித்தால் பனலின் நிறம் மங்காது என்பதற்கு மட்டும்தான். ஈரம், கறையான் இரண்டும் விலக்கு.

முறைப்பாடு செய்வதென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். யூலையில் முடிந்த வேலைக்கு அந்தக் கெடு ஒக்ரோபரோடு சரி. ஆகவே பில்லையும் ஒரு வெட்டுத் துண்டையும் வேலை முடிந்த அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். பொருள் மாறியிருந்தால் மழைவரை காத்திருக்கத் தேவையில்லை, அடுத்த நாளே முறைப்பாடு கொடுக்கலாம்.