வேப்பிலையா, வேப்பம்பட்டையா?

ஒரே மரம்தான், ஆனால் இலைக்கும் பட்டைக்கும் வேலை வேறு. தோல் அரிப்பு, சொறி என்றால் இலைதான் முதலில் கைக்கு வரும். கொழுந்தாகப் பறித்து மஞ்சளோடு அரைத்துப் பூசலாம், இலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் குளிக்கலாம். பறித்த இலை சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும்.

பட்டை கெட்டி, அதனால் கஷாயம்தான் வழி. இடித்து, நீர் நான்கில் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்ச வேண்டும். கசப்போடு துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். அந்தத் துவர்ப்பு பட்டையில் உள்ள டானின் என்ற பொருளால் வருவது. ஈறுக்கு வாய் கொப்பளிக்கப் பட்டையைத் தேடுவது அதற்காகத்தான். காய்ச்சலுக்கும் பழைய வைத்தியத்தில் பட்டைக் கஷாயம் உண்டு. ஆனால் விடாத காய்ச்சலுக்கு அதை நம்பி உட்காரக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பட்டை உரிப்பதில்தான் எனக்கு வருத்தம். தண்டைச் சுற்றி வளையமாக உரித்தால் இலையில் உருவான உணவு வேருக்கு இறங்காது, மரமே பட்டுப்போகும். வெட்டிய கிளையிலிருந்து எடுங்கள், போதும். பெரும்பாலான வீட்டுத் தேவைக்கு இலையே சரி.

அப்புறம், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இரண்டையுமே உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை அளவு மேலும் இறங்கலாம்.