ஸ்டீல் டோ பூட்ஸ்: சக்கரம் ஏறிய பிறகு எழுதுகிறேன்
கிடங்கில் ஓரமாகத்தான் நின்று பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். ஃபோர்க்லிஃப்டுக்கு, அதாவது சரக்கு தூக்கும் வண்டிக்கு, திருப்பம் பின்சக்கரத்தில். வண்டி வளையும்போது வால்பக்கம் வெளியே வீசும். அப்படி வீசியதில் சக்கரம் என் இடது பூட்ஸ் நுனியில் ஏறி இறங்கிவிட்டது. டோ, அதாவது விரல்களை மூடும் எஃகுக் கவசம், லேசாக நசுங்கியது, பெருவிரல் நகம் கறுத்தது. ஐந்து விரலும் பிழைத்தன! அதற்காகவே இந்த பூட்ஸுக்குக் கும்பிடு.

ஆனால் ஒன்று. உள்ளே பாதுகாப்புக் காலணிக்கான தரக்குறி ஐஎஸ்ஓ 20345 என்றிருந்தால் விரல்பகுதி 200 ஜூல் அடியும் சுமார் ஒன்றரை டன் அழுத்தமும் தாங்கும், அவ்வளவுதான். புறங்காலுக்குக் காப்பே கிடையாது. இரண்டு அங்குலம் தள்ளி ஏறியிருந்தால் எலும்பு நொறுங்கியிருக்கும். அடுத்த ஜோடியை புறங்கால் காப்புக்கான 'எம்' குறி பார்த்து வாங்கினேன். கனம்தான், முதல் வாரம் கணுக்கால் கடுக்கும். நசுங்கிய பழையதை மறுபடி மாட்டாதீர்கள்.