அராபிகாவா, ரோபஸ்டாவா?

காபித்தூள் கடையில் 'பீபெரியா, பிளான்டேஷன் ஏ-யா?' என்று கேட்பார்கள். பிளான்டேஷன் ஏ என்பது பெரிய அராபிகாக் கொட்டைகளுக்கான தரப்பெயர். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே கொட்டையாக உருண்டு வளர்வது. அது காபியின் இரு முக்கிய இனங்களான அராபிகாவிலும் உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு. அதனால் முதலில் கேட்க வேண்டியது இனத்தை. அரைக்காத கொட்டை கையில் கிடைத்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அராபிகா சற்று நீளம், நடுக்கோடு வளைந்து ஓடும். ரோபஸ்டா உருண்டை, கோடு ஏறக்குறைய நேர்.

அராபிகா குளிர்ந்த உயர்மலைச் செடி, சீக்கிரம் நோயில் விழும். 1869-இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய், தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் உழைத்து வளர்த்த காபித் தோட்டங்களை அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது. தேயிலை பெருகியது அப்புறம்தான். தாழ்வான, வெப்பமான இடத்தில் விளையும் ரோபஸ்டா அந்தத் துருவைத் தாங்கி நிற்கும். பூச்சிகளை விரட்டச் செடி தானே தயாரிக்கும் நஞ்சுதான் கஃபீன். அது அராபிகாக் கொட்டையின் எடையில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் சுமார் 2.2.

ரோபஸ்டா கசப்பதற்குக் கஃபீன்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். கஃபீன் கசக்கும், உண்மை. ஆனால் காபியின் கசப்பில் அதன் பங்கு சிறியது. கஃபீன் நீக்கிய காபியும் கசக்கத்தானே செய்கிறது? கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் வறுபடும்போது லாக்டோன்கள் என்ற கசப்புப் பொருள்களாக மாறுகிறது. மேலும் கருக வறுத்தால் ஃபீனைல்இண்டேன்கள் உருவாகி, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் முரட்டுக் கசப்பைத் தருகின்றன. இந்த அமிலம் ரோபஸ்டாவில் கூடுதல். அராபிகாவிலோ சர்க்கரையும் எண்ணெயும் அதிகம். மணமும் இதமான புளிப்பும் அதனால் வருபவை.

பால் சேர்க்காமல் குடிப்பவருக்கு அராபிகாதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பால் காபிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். அராபிகாவின் நுண்ணிய மணம் பாலில் பாதி அமுங்கிவிடும். ரோபஸ்டாவின் துவர்ப்பைப் பால் புரதம் பிடித்துத் தணித்துவிடும், அழுத்தம் மட்டும் நிற்கும். முக்கால் பங்கு அராபிகா, கால் பங்கு ரோபஸ்டா, நடுத்தர வறுப்பு: ஃபில்டர் காபிக்கு இதைவிட நல்ல கலவை எனக்குத் தெரியாது. ரோபஸ்டாவை மட்டமான சரக்கு என்று ஒதுக்குவது அநியாயம்.

சரி, தூக்கம்? மூளையில் 'களைப்பு' என்று சொல்லும் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. குடித்ததில் பாதி உடலை விட்டுப் போகவே பலருக்கு சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். மாலை நான்கு மணிக்கு ரோபஸ்டா குடித்தால், ஒன்பது மணிக்கும் ஏறக்குறைய ஒரு அராபிகாக் காபி அளவுக் கஃபீன் உள்ளே இருக்கும். மாலையில் அராபிகா போதும்.

சிக்கரியில் கஃபீனே கிடையாது. அதனால் 60 பங்கு ரோபஸ்டாவும் 40 பங்கு சிக்கரியும் கலந்த தூளில், எடைக்கு எடை, ஏறக்குறைய சுத்த அராபிகாவில் இருக்கும் அளவு கஃபீன்தான் இருக்கும்.