பெரிய பசங்களோட டான்யூப் ரிவர் க்ரூஸ்: கப்பலைப் பாக்காதீங்க, டைம்டேபிளைப் பாருங்க

ஏழு ராத்திரி, ஜெர்மனில பஸாவ்ல ஏறி ஹங்கேரில புடாபெஸ்ட்ல இறங்கற டான்யூப் ரிவர் க்ரூஸ் போயிட்டு வந்தோம். நானும் வீட்டுக்காரரும், 18 வயசு பொண்ணும், 16 வயசு பையனும். ஸ்டார் எவ்ளோன்னு கேட்டா நான் அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், பொண்ணு நாலு குடுக்கறா, பையன் முதல் ரெண்டு நாளுக்கு ஒண்ணு, மீதிக்கு அஞ்சுன்னு தனிக் கணக்கு போடறான். கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா நான் திட்டப்போறதுல பாதி அந்த ஒரு கம்பெனியோட தப்பு இல்ல, இந்த மாதிரி ட்ரிப்பையே பெரியவங்களை மனசுல வச்சுத்தான் டிசைன் பண்ணியிருக்காங்க.

கடல் க்ரூஸ் போன பசங்கன்னா அந்த ஞாபகத்தை மொதல்ல அழிச்சுடுங்க. இது வேற ரகம். யூரோப் ஆத்துல ஓடற பெரிய கப்பல்கள்ல நெறைய 135 மீட்டர் நீளம், அகலம் 11.4 மீட்டர்தான். ஏன் இவ்ளோ ஒல்லின்னா ரைன் ஆத்தையும் டான்யூபையும் சேக்கறதுக்கு 1992ல ஒரு கால்வாய் வெட்டி முடிச்சாங்க, அதுல இருக்கற லாக், அதாவது கப்பலை ஏத்தி இறக்கற தண்ணித் தொட்டி எல்லாம் 12 மீட்டர் அகலம், அதுக்குள்ள நுழையணும்னா இப்படித்தான் கட்டியாகணும். மேல பாலம் தாழ்வா இருக்கறதால மாடி மேல மாடியும் கட்ட முடியாது. ஆக, நூத்தம்பது பேர் சொச்சம், ஒரு டைனிங் ஹால், ஒரு லவுஞ்ச், மேல ஒரு மொட்டைமாடி, முடிஞ்சுது கதை. பசங்க ஓடி ஒளியறதுக்கு ஒரு மூலை கிடையாது. மொத நாள் டின்னர்ல சுத்தி பாத்துட்டு பையன் என் காதுல, "ம்மா, இங்க எல்லாரும் தாத்தா பாட்டியா இருக்காங்களே"ன்னான். அவன் சொன்னது நெசம்தான்.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி வயசு விஷயம் பாத்துக்கோங்க. வைக்கிங் கம்பெனி 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களை ஏத்தறதே இல்ல, எங்க பையனால அது அப்பவே அவுட். குடும்பத்துக்குன்னே தனியா ட்ரிப் விடறவங்க இருக்காங்க, டிஸ்னியோட டூர் பிரிவு 2016ல இருந்து அமாவாட்டர்வேஸ் கப்பல்ல நடத்துது, டாக் கம்பெனிக்கு பிரிட்ஜஸ்னு ஒண்ணு, யூனிவேர்ல்டுக்கு ஜெனரேஷன்ஸ்னு ஒண்ணு, பிரெஞ்சு கம்பெனி க்ரோவாசியூரோப்பும் ஃபேமிலி ட்ரிப் போடறாங்க. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. ஃபேமிலின்னு போட்டாலே அவங்க மனசுல இருக்கறது எட்டு வயசுல இருந்து பன்னெண்டு வயசுப் பசங்களா இருக்க வாய்ப்பு அதிகம். மாவு பிசையறது, முகமூடிக்கு கலர் அடிக்கறது, பொக்கிஷ வேட்டை இதெல்லாம் 16 வயசுப் பையன்கிட்ட காட்டினா அவன் உங்களை ஒரு பார்வை பாப்பான், அந்தப் பார்வையோட ஏழு நாள் ஒரே கப்பல்ல இருக்கணும். நான் போன் பண்ணி கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, "அந்தத் தேதில 15லிருந்து 19 வயசுக்குள்ள எத்தனை பேர் புக் ஆயிருக்காங்க"ங்கறதுதான். பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க, எண்ணிக்கை சொல்லுவாங்க. எங்களுக்கு ஆறுன்னாங்க, எங்க பசங்களையும் சேத்து நாலு பேர் வந்தாங்க, அந்த நாலு போதுமா இருந்துச்சு. கண்டிப்பா ஸ்கூல் லீவு சமயத்துல போங்க, இல்லன்னா உங்க பசங்க மட்டும்தான் பசங்க.

கேபின் ரெண்டு பேருக்குத்தான், மூணு பேர் தூங்கற கேபின் இருந்தா அதிசயம், நாலு பேர்னா ரெண்டு கேபின் எடுத்தே ஆகணும். எங்க கம்பெனில ஒவ்வொரு கேபினுக்கும் 21 வயசு முடிஞ்ச ஒருத்தர் பேர் இருக்கணும்னு விதி, அதனால நானும் பொண்ணும் மேல, அப்பாவும் பையனும் கீழ. இதுல எனக்கு கிடைச்ச பாடம், பால்கனிக்கு காசு கொட்டாதீங்க. பிரெஞ்சு பால்கனின்னா வெளிய நிக்கற இடமே கிடையாது, கண்ணாடிக் கதவு திறக்கும், குறுக்க ஒரு கம்பி இருக்கும், அவ்ளோதான். அதுவும் வியன்னால கப்பலை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிறுத்திட்டாங்க, காலைல திரையை விலக்கினா எதிர்ல வேற கப்பல்ல ஒரு ஆள் பல்லு வெளக்கிட்டு இருக்காரு. கீழ்த்தளத்துல இருக்கறதுதான் இருக்கறதுலயே சீப்பு, ஜன்னல் திறக்காது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல நீளமா ஒரு கண்ணாடி, ஆனா பையன் கட்டில்ல படுத்துட்டே மூஞ்சிக்கு நேரா அன்னம் நீந்திப் போறதைப் பாத்தான். எங்க ரூமை விட அவன் ரூம்தான் ஃபேமஸ் ஆச்சு.

இப்ப தலைப்புக்கு வரேன். ப்ரோஷர்ல ஊர் பேரு பெருசா போட்டிருப்பாங்க, அதைப் பாத்து மயங்காதீங்க, ஒவ்வொரு ஊர்லயும் கப்பல் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு கிளம்புதுங்கற டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்க. பெரிய பசங்களுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு, தனியா இறங்கி சுத்தற நேரம், சாயங்காலத்துக்கு அப்புறமும் ஊர்ல இருக்கற நேரம். காலைல எட்டுக்கு வந்து மத்தியானம் ஒண்ணுக்கு கிளம்பற ஊரெல்லாம் ஒரு கைடு கொடியைப் பிடிச்சுட்டு முன்னாடி போக, காதுல ஒரு மெஷினை மாட்டிட்டு பின்னாடி நடக்கறதுலயே முடிஞ்சுடும். ஒரு ராத்திரி முழுக்க நிக்கற ஊர் குறைஞ்சது ரெண்டாவது இருக்கணும், எங்களுக்கு வியன்னாவும் புடாபெஸ்டும் அப்படி அமைஞ்சுது. இன்னொண்ணு, ட்ரிப் பேர்ல பிராக்னு இருந்தா கப்பல் பிராக் போகும்னு நினைச்சுடாதீங்க, டான்யூப் அந்தப் பக்கமே போகல, பஸ்லதான் கூட்டிட்டுப் போவாங்க.

ஆஸ்திரியால லின்ஸ்ங்கற ஊர்ல நடந்ததைச் சொன்னா புரியும். அன்னிக்கு ப்ரோக்ராம்படி எல்லாரும் சால்ஸ்பர்க்குக்கு பஸ், போக நூத்தி முப்பது கிலோமீட்டர் வர நூத்தி முப்பது. முந்தின நாள் பஸாவ் வாக்கிங் டூர்லயே பசங்க மூஞ்சி தொங்கிப்போச்சு, டவுன் ஹால் சுவத்துல வெள்ளம் வந்த உசரத்தை வருஷம் போட்டு குறிச்சிருக்கறதை மட்டும் நின்னு பாத்தாங்க, 2013ல தண்ணி மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டிருக்கு, அதுக்கும் மேல 1501க்கு ஒரு கோடு. சரி, பஸ்ல தள்ளினா சண்டைதான் வரும்னு தெரிஞ்சு நாங்க நாலு பேரும் லின்ஸ்லயே தங்கிட்டோம். ஆத்தங்கரைலயே ஆர்ஸ் எலக்ட்ரானிகா சென்டர்னு ஒரு மியூசியம் இருக்கு, 1996ல ஆரம்பிச்சது, ரோபோ, ஏஐ, பயாலஜின்னு எல்லாத்தையும் கையால தொட்டு நோண்டிப் பாக்கலாம். உள்ள போனவங்க வெளிய வர மாட்டேன்னுட்டாங்க. சால்ஸ்பர்க் போய்ட்டு வந்தவங்க டின்னர்ல பஸ்ல தூங்கின கதையைத்தான் சொன்னாங்க. இந்த மியூசியம் பத்தி கப்பல்ல ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல, இதுக்குத்தான் நான் அரை ஸ்டார் வெட்டினேன்.

மீதி ஒரு ஸ்டார் சைக்கிளுக்கு. "கப்பலில் சைக்கிள் உண்டு"ன்னு போட்டிருந்தாங்க, உண்டுதான், நூத்தம்பது பேருக்கு இருபது. மொத நாள் சாயங்காலமே ரிசப்ஷன்ல ஒரு தாள் வச்சு பேர் எழுதச் சொல்லியிருக்காங்க, நாங்க பெட்டியைப் பிரிச்சுட்டு சாவகாசமா போனப்ப தாள் நெறைஞ்சுபோச்சு. கடைசில மெல்க்ல வாடகைக்கு எடுத்தோம். ஆனா அந்த நாள் இருக்கே, அதுக்காக மட்டும் இந்த ட்ரிப்பை இன்னொரு தடவை போவேன். மெல்க்ல அந்தப் பெரிய மஞ்சக் கலர் மடத்தைப் பாத்துட்டு ஆத்தோரமா டியூர்ன்ஸ்டைன் வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்கு கிட்ட, ஏத்தமே இல்லாத பாதை, ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், ஆப்ரிகாட் மரம். இந்த இடத்துக்கு வாஹாவ்னு பேரு, 2000ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க. ஆஸ்திரியா டான்யூப்ல அணையே இல்லாம ஆறு தானா ஓடற இடம் ரெண்டுதான், அதுல இது ஒண்ணு. டியூர்ன்ஸ்டைன்ல மலை மேல இடிஞ்ச கோட்டை, இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை சிலுவைப் போர்ல இருந்து திரும்பி வர்ற வழில பிடிச்சு 1192 கடைசில இங்கதான் அடைச்சு வச்சாங்க. பசங்க நாலு பேரும் ஓடி ஏறிட்டாங்க, நாங்க பாதில உக்காந்துட்டோம். கப்பல் கீழ வந்து சேந்தப்ப மேல இருந்து அவங்க கத்தினது எங்களுக்குக் கேட்டுச்சு.

எதிர்பாக்காம அமைஞ்சது லாக். பஸாவுக்கு கீழ வியன்னா வரைக்கும் பத்து அணை, ஒவ்வொண்ணுலயும் கப்பல் ஒரு தொட்டிக்குள்ள நுழையும், கதவு மூடும், தண்ணி இறங்கும், கப்பலும் லிஃப்ட் மாதிரி கூடவே இறங்கும். பாதி ராத்திரில சுவர் உரசற சத்தம் கேட்டு பையன் எழுந்து மேல ஓடியிருக்கான், அங்க ஒரு மாலுமி கயித்தைப் பிடிச்சுட்டு நிக்க, பக்கத்துல ஈரக் கான்கிரீட் சுவர் மெதுவா மேல ஏறிட்டே போகுது. அதுக்கப்புறம் தினமும் ரிசப்ஷன்ல போய் அடுத்த லாக் எத்தனை மணிக்குன்னு கேட்டு எழுதி வச்சுப்பான். பாலம் வந்தா கேப்டன் ரூமையே ஹைட்ராலிக்ல கீழ இறக்கிடறாங்க, அதை அவன் எத்தனை தடவை வீடியோ எடுத்தான்னு கணக்கே இல்ல. கேப்டன்கிட்ட கேட்டு ஒரு நாள் உள்ள கூட்டிட்டுப் போனாங்க, நீங்களும் கூச்சப்படாம கேளுங்க.

வியன்னால கப்பல் ராய்க்ஸ்ப்ரூக்கே பாலத்துக்கிட்ட நிக்குது, நடக்கற தூரத்துல யூ1 மெட்ரோ, ஒரு ஸ்டேஷன் போனா ப்ராட்டர், அங்க 1897ல கட்டின ராட்டினம் இன்னும் சுத்துது. டின்னர் முடிஞ்சு பசங்க நாலு பேரும் தனியா போய் பதினொண்ணுக்கு திரும்பி வந்தாங்க, நான் லவுஞ்ச்ல காப்பி ஆற ஆற உக்காந்திருந்தேன். லவுஞ்ச் பத்தரைக்கே காலி, பாட்டு வாசிக்கறவரும் பெட்டியைக் கட்டிட்டாரு. ஊர்ல நிக்காத ராத்திரி இப்படித்தான் இருக்கும், அதுக்குத்தான் டைம்டேபிள் டைம்டேபிள்னு கத்தறேன். ப்ராட்டிஸ்லாவா அரை நாள், பாலத்து உச்சில 95 மீட்டர் உசரத்துல பறக்கும் தட்டு மாதிரி ஒண்ணு இருக்கு, ஏறிப் பாத்தாச்சு, போதும்.

சாப்பாடு நல்லா இருந்துச்சு, ஆனா டின்னர் ரெண்டு மணி நேரம் இழுக்கும், பசங்க மெயின் முடிஞ்சதும் எழுந்து போகலாமான்னு மேனேஜர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டா பிரச்சினை இல்ல. ஜெர்மனிலயும் ஆஸ்திரியாலயும் 16 வயசானா பீரும் வைனும் சட்டப்படி வாங்கலாம், மேஜைல வைன் ஊத்திட்டே வருவாங்க, உங்க வீட்டு விதி என்னன்னு ஏறறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க, நாங்க பேசல, ஒரு ராத்திரி சாப்பாடு வீணாப்போச்சு. வைஃபை கரைல ஓகே, லாக்குக்குள்ள செத்துடும்.

தண்ணி மட்டம் பத்தி ஏஜென்ட் தானா வாயைத் திறக்க மாட்டார், நீங்க கேளுங்க. ரைன்ல 2018லயும் 2022லயும் தண்ணி ரொம்ப இறங்கி பெரிய சிக்கல் ஆச்சு. டான்யூப்ல பஸாவுக்கு மேல, ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவுல அணை இல்லாததால அங்கதான் கப்பல் மாட்டும், அப்ப பஸ்ல ஏத்தி அந்தப் பக்கம் நிக்கற வேற கப்பலுக்கு மாத்துவாங்க. பஸாவ்ல ஏறினா அந்தத் துண்டே வராது, நாங்க அதுக்காகத்தான் இந்த ரூட் எடுத்தோம்.

மத்த ஆறுகளையும் அலசினோம். ரைன்ல பிங்கன்ல இருந்து கோப்லென்ஸ் வரைக்கும் 65 கிலோமீட்டர் கோட்டையா வரும், அதைப் பகல்லதான் கடக்குதான்னு பாத்துக்கோங்க, கொலோன் கோபுரத்துல 533 படி பசங்களுக்கு சரியான வேலை. போர்ச்சுகல் டோரோ ராத்திரில ஓடாது, அழகு, ஆனா முக்கால்வாசி வைன் பத்தின ட்ரிப், பசங்களுக்கு போர்ட்டோ மட்டும்தான் பிடிக்கும்னு நினைக்கறேன். நைல்ல லக்ஸர் டு அஸ்வான் மூணு நாலு ராத்திரி, டெஸ்ட் பண்ணிப் பாக்க நல்ல நீளம், ஆனா ஸ்கூல் லீவுன்னு கோடைல போனா நாப்பது டிகிரிக்கு மேல கொளுத்தும். பசங்க கொஞ்சம் சீரியஸான ஆளுங்கன்னா மேகாங் யோசிங்க, கம்போடியாவோட நோம் பென்ல டூல் ஸ்லெங்னு ஒரு சிறைச்சாலை மியூசியம், அது மொதல்ல ஹைஸ்கூலா இருந்த கட்டடம், அந்த வயசுப் பசங்க கிளாஸ்ரூமை அப்படிப் பாக்கறது சும்மா இல்ல. அப்புறம் டான்யூப்ல புடாபெஸ்டுக்கு கீழ போற ட்ரிப்னா செர்பியா வரும், அது ஷெங்கன்ல, அதாவது ஒரே விசால போற யூரோப் நாடுகள் லிஸ்ட்ல இல்ல, விசா வேணுங்கறவங்க மல்டிபிள் என்ட்ரி வாங்காம கிளம்பிடாதீங்க.

புடாபெஸ்டுக்குள்ள ராத்திரில நுழையறப்ப பார்லிமென்ட் மொத்தமும் தங்கக் கலர் லைட்டுல, எல்லாரும் மேல நின்னு பாத்தோம், பையனே போனை உள்ள வச்சுட்டான். கடைசி நாள் காலைல ஒம்பதுக்கு ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க, எங்க ஃப்ளைட் ராத்திரி. பெட்டியை லவுஞ்ச்ல போட்டுட்டு 1896ல ஓட ஆரம்பிச்ச அந்தக் குட்டி மெட்ரோல ஏறி செச்சேனி வெந்நீர்க் குளத்துக்குப் போயிட்டாங்க பசங்க. அதனால நீச்சல் டிரெஸ்ஸை மட்டும் பெட்டிக்கு அடில வைக்காதீங்க, ஒரு ப்ளாஸ்டிக் பையும் எடுத்து வைங்க, எங்க வீட்டுப் பெட்டில ஈரத் துண்டு வாடை இன்னும் போகல.