கண்மாய்க் கரைக்குக் கான்கிரீட் தளமா, மண்ணும் மணலுமா?

எங்கள் கண்மாயில் மூன்றாவது மடைக்குக் கீழே கசிவு கண்டதும், அதன் நீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் நாங்கள் இரண்டு கட்சியானோம். கரையின் உள்சரிவு முழுக்கக் கான்கிரீட் தளம் போட்டு அடைத்துவிடலாம் என்றார்கள் ஒரு பக்கம். கரையை மண்ணாலேயே பலப்படுத்தி, வெளிப்பக்க அடிவாரத்தில் மணலும் ஜல்லியும் கொண்டு வடிகட்டி வைப்போம் என்றோம் நாங்கள். கடைசியில் மண் வேலைதான் நடந்தது. இரண்டு ஐப்பசி மழை பார்த்தாயிற்று. இதே யோசனையில் இருக்கும் ஊர்களுக்காக எழுதுகிறேன்.

செலவில் மண் வேலை குறைவு, பார்வைக்குக் கான்கிரீட் எடுப்பு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிமென்ட் கலவையைக் கரைக்குள் அழுத்திச் செலுத்தும் முறையையும் சிலர் சொன்னார்கள். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதலில் கசிவு என்றால் என்ன என்பது பிடிபட வேண்டும். எனக்கு அதைப் புரியவைத்தவர், வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் நீர்ப்பாய்ச்சி. விடியற்காலையில் கரைக்குக் கீழே வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். சுற்றிலும் காய்ந்த தரை, ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சைப் பசேலென்று நின்றது. கால் வைத்ததும் குளிர்ந்து உள்ளே இறங்கியது. ஊறி வந்த நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்கத் திண்ணையில் வைத்தோம். காலையில் பார்த்தால் அடியில் ஒரு விரல்கடை வண்டல். "தம்பி, தண்ணி வர்றது தப்பில்ல. மண்ணு வருதே, அதான் தப்பு" என்றார்.

மண் கரை என்றால் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். ஊறும் நீர் கரை மண்ணையும் இழுத்து வந்தால் உள்ளே குழாய் போல ஓட்டை விழும். பழைய மடைக் குழாயை ஒட்டிய இடம், பட்டுப்போன சீமைக்கருவேல வேர், பெருச்சாளி வளை என்று அது தொடங்க எத்தனையோ வழி. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து டீட்டன் மண் அணை 1976 ஜூன் 5 அன்று இப்படித்தான் போனது. காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள், ஓட்டையை அடைக்க புல்டோசர்களை இறக்கினார்கள், நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். அது புது அணை, முதன்முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

வெளிப்பக்கக் கசிவைக் களிமண் வைத்து அடைக்கலாமே என்று எங்கள் ஊரிலும் கேட்டார்கள். அடைத்தால் நீர் வேறு இடத்தில் பீறிடும். வடிகட்டி நீரை விட்டுவிடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கரை மண்ணை ஒட்டிப் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, மேலே கனத்துக்குக் கல், கசிந்த நீர் போக ஒரு வாய்க்கால். கரையில் குறைந்த இடத்துக்கு மண்ணை ஒன்பது அங்குலத்துக்கு மேல் போகாத அடுக்குகளாகப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டினோம். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து அமுக்குவோம். கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கையில் ஒட்டவும் கூடாது.

என்னை மண் பக்கம் நிறுத்தியது ஒரே விஷயம்: கரை கெடும்போது அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் குறிப்பிட்ட சிலவற்றுக்கும்தான். நம் கண்மாய்க் கரைகளில் பெரும்பாலானவை அந்த உயரத்தின் பக்கமே போகாதவை. சோதிக்க யாரும் வரமாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும். மண் கரையில் வெடிப்பு தெரியும், உள்வாங்கிய இடம் தெரியும், வளை தெரியும். பார்த்த அன்றைக்கே ஒரு டிராக்டர் மண்ணோடு நாலு பேர் போய்ச் சரிசெய்துவிடலாம்.

கான்கிரீட்டுக்குக் கீழே மண் அமுங்கினால் தளம் அப்படியே பாலம் போல நின்றுவிடும். பக்கத்து ஊர்க் கரையில் அந்தத் தளத்தின் மேல் ஒரு கல்லால் தட்டிப் பார்த்தேன். காலிப் பானையைத் தட்டிய சத்தம். மேலே ஒரு கீறல்கூட இல்லை. இன்னொன்று, மடையைத் திறந்து நீர் மளமளவென்று இறங்கும்போது கரைக்குள் ஊறிய நீர் பின்னாலிருந்து தளத்தைத் தள்ளும். அதற்கு வடிதுளை விட வேண்டும், பின்னாலும் வடிகட்டி வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் கான்கிரீட் மோசமில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்து ஒரு பலகை உடைந்தால் யாரிடம் போவது, எந்த நிதியில் செய்வது? மண்ணுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

வீராணம் மாதிரி பரந்த நீர்ப்பரப்பு, காற்றடித்தால் அலை கரையைத் தின்னும் இடம் என்றால் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே உள்சரிவில் அலை அரிப்பைத் தாங்கும் கல், அதாவது அலைகல், பதிக்காமல் முடியாது. எங்கள் கண்மாயில் அலை பெரிதில்லை. அதோடு, இந்த இரண்டு வருஷத்தில் மிகுந்த நீர் வழிந்து மறுகால் பாய்கிற அளவுக்கு ஒருமுறைதான் நிரம்பியது. முழுக் கொள்ளளவில் மாதக்கணக்காக நின்றால் கரை எப்படி இருக்கும் என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது வாய்க்கால் முனையில் வாரம் ஒருமுறை வாளி வைத்து, நிரம்ப எத்தனை நொடி என்று நோட்டில் எழுதுகிறோம். கண்மாய் மட்டத்தையும் பக்கத்திலேயே குறிக்கிறோம். மட்டம் ஏறாமல் வாளி மட்டும் சீக்கிரம் நிரம்பினால், அல்லது நீர் கலங்கினால், அன்றே மடையைத் திறந்து மட்டத்தை இறக்குவது என்று முடிவு. அந்த நிலை இன்னும் வரவில்லை. போன வாரம் பிடித்த பாட்டில் திண்ணையில்தான் இருக்கிறது, அடியில் வண்டல் இல்லை.