சிறை ஓவியங்கள்: லண்டனும் மிச்சிகனும்

பிரிட்டனில் 1962இல் கைதிகளின் கலைப் படைப்புகளுக்கான கோஸ்ட்லர் விருதைத் தொடங்கிய எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லர், ஸ்பெயின் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கிக் கிடந்தவர். அந்த விருதை வழங்கும் அமைப்பு லண்டன் சவுத்பேங்க் மையத்தில் நடத்தும் கண்காட்சியில் படைத்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. விற்ற பணத்தில் ஒரு பங்கு, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உதவப் போகிறது. நியாயமான ஏற்பாடுதான்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 1996 முதல் நடத்தும் கண்காட்சியின் போக்கே வேறு. படைப்புகள் வந்து சேரட்டும் என்று காத்திராமல், தேர்வாளர்கள் சிறை சிறையாகப் போகிறார்கள். வரைந்தவரிடம் நேரில் பேசுகிறார்கள். ஓவியத்தின் அருகே பெயரும் இருக்கும். என் வாக்கு இதற்கே. உள்ளே கைதி எண்ணாகவே வாழ்பவருக்கு விருதைவிட அந்தப் பெயர்ச்சீட்டு பெரிது. ஆனால் அவரால் பாதிக்கப்பட்ட குடும்பம் அதைப் படிக்க நேர்ந்தால்? அங்கே லண்டன் முறையின் பக்கம் சாயத்தான் வேண்டியிருக்கிறது.